அறிவு வளைவின் அடிப் புத்தகம்

நூலகத்தை மூடினால்தான் இலக்கியத்தைத் திறக்க முடியும் என்னும் மாபெரும் உண்மையை எங்கள் நகரத்து இலக்கியப் பேரவை ஒருமனதாகக் கண்டறிந்தது. கண்டறிந்ததோடு கைகட்டி நிற்கவில்லை. நூலகக் கதவில் பூட்டுத் தொங்கிற்று. பூட்டுக்கு மேலே பதாகை தொங்கிற்று. 'மக்களும் அதிகாரமும்: மாபெரும் இலக்கிய விழா. அனைவரும் வருக!' என்று பதாகை அழைத்தது. பூட்டு வேறு கருத்துடையதாக இருந்தது.

பூட்டிய நூலகத்தில் நூல்கள் சும்மா கிடக்கலாமா? கிடக்கவிடவில்லை பேரவை. அத்தனையையும் அள்ளி வந்து, பக்கத்து அரங்கின் வாயிலில் இரண்டு தூண்களாக அடுக்கி, மேலே பலகை பாவி, பலகைமீதும் நூல்களை நிறுத்தி, 'அறிவு வளைவு' என்று பெயரும் சூட்டியது. தடித்த நூல்கள் அடியில். மெலிந்த நூல்கள் உச்சியில். மருத்துவமும் பொறியியலும் தரையோடு தரையாகக் கிடந்து தாங்க, பேரவை உறுப்பினர்களின் கவிதைத் தொகுப்புகள் உச்சியில் வீற்றிருந்தன. தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்பதை விளக்கத் தனியே ஒரு சொற்பொழிவு தேவைப்படாத அமைப்பு அது. ஆயினும் சொற்பொழிவும் இருந்தது.

இந்த ஏற்பாடுகள் எவையும் அறியாதவராக, விழாவின் இரண்டாம் நாள் காலையில் அங்கே வந்து சேர்ந்தார் ஒரு தையற்காரர்.

அவருடைய மருமகள் அரசு மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்ப்பவள். படுக்கை விரித்து, தரை துடைத்து, நோயாளியைத் தூக்கிப் புரட்டிக்கொண்டே செவிலியர் தேர்வுக்குப் படித்து வந்தாள். வயது வரம்பு அவளைத் தொட்டுவிட்டது. இந்தத் தேர்வை விட்டால் இனி வாய்ப்புக் கிடையாது. மறுநாள் காலை தேர்வு. மகன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறான். ஆகவே வீட்டில் அவள் தேர்வுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் மாமனார்தான். சமைத்தார், துணி துவைத்தார், பேரனுக்குத் தலை வாரினார். ஒன்றே ஒன்று மட்டும் அவரால் முடியாமல் போயிற்று: நூலகத்தைத் திறப்பது.

"மாமா, பச்ச அட்ட போட்ட தடிப் புத்தகம். நோயாளி பராமரிப்பு பத்தினது. பாதிதான் படிச்சிருந்தேன், அதுக்குள்ள பூட்டிட்டாங்க. மிச்சப் பாதியிலேருந்துதான் கேள்வி நிறைய வருமாம்" என்று அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள்.

"நீ வேலைய முடிச்சிட்டு நேரா அங்க வந்துடும்மா. புத்தகத்தோட நிக்கறேன்."

"குடுப்பாங்களா மாமா?"

"ஏம்மா, நான் என்ன அவங்க சொத்தையா எழுதிக் கேக்கறேன்? புத்தகத் திருவிழாவுல போயி ஒரு புத்தகம் கேக்கறேன். மாட்டேன்னு சொல்லவா விழா நடத்துவாங்க?"

பாவம், துணியின் குணம் தெரிந்த மனிதர். விழாக்களின் குணம் தெரியாதவர்.

வாயிலில் மேசை போட்டு அமர்ந்திருந்தார் பேரவையின் செயலாளர். அவர் முன்னே பல நிறங்களில் மார்பு அட்டைகள் பரப்பப்பட்டிருந்தன.

"நீங்க யாரு?"

"டெய்லருங்க."

"அது உங்க தொழில். விழாவுல நீங்க யாரு? படைப்பாளரா, சிறப்பு விருந்தினரா, ஆர்வலரா?"

"ஒரு புத்தகம் எடுத்துட்டுப் போலாம்னு வந்தேங்க."

செயலாளர் அட்டைகளைப் புரட்டினார். மீண்டும் புரட்டினார். "அப்படி ஒரு பிரிவு வைக்கலையே" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "இத்தன வருஷமா விழா நடத்தறேன், புத்தகத்துக்காக ஒருத்தர் வந்து பாக்கறது இதான் முதல் தடவ."

வளைவின் அருகே முக்காலி போட்டு நூலகர் அம்மையார் அமர்ந்திருந்தார். நூலகம் பூட்டப்பட்டதும் அவருக்கு 'வளைவுப் பாதுகாப்பாளர்' என்று பதவி உயர்வு வழங்கியிருந்தார்கள். பெயர் உயர்ந்தது, நாற்காலி முக்காலியானது. ஆயினும் தேதி முத்திரையையும் மைப்பெட்டியையும் அவர் கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடாது அல்லவா! தையற்காரர் அவரிடம் போய், தேர்வுக்குப் படிக்கும் மருமகளையும் பச்சை அட்டைப் புத்தகத்தையும் பற்றிச் சொன்னார்.

"அது உங்க மருமகளா அண்ணே? தினம் சாயங்காலம் சீருடையோட வந்து, மூடற வரைக்கும் எந்திரிக்காது. அந்தப் பச்ச அட்டதானே? அதோ பாருங்க, இடது பக்கத் தூணு. அடியில கெடக்கு."

தையற்காரர் குனிந்தார். பச்சை முதுகு தெரிந்தது. கை நீட்டினார். மறுகணம் விசில் ஊதிற்று. தொண்டர்கள் ஓடி வந்தார்கள். செயலாளரும் மேசையைத் தாண்டிப் பாய்ந்தார்.

"ஐயையோ, தொடாதீங்க! அது கலைப்படைப்பு!"

"புத்தகம்தானேங்க?"

"முந்தாநேத்து வரைக்கும் புத்தகம். இப்ப அது தூணு. உருவினீங்கன்னா மேல இருக்கறதெல்லாம் சரிஞ்சிடும்."

"வேற ஒரு தடிப் புத்தகத்த அங்க சொருகிட்டா?"

"அத வடிவமைப்புக் குழு கூடி முடிவு பண்ணணும். குழுவுல இருக்கற எல்லாரும் மேடையில இருக்காங்க."

"எப்ப எறங்குவாங்க?"

செயலாளர் பெருமூச்சு விட்டார். "மேடையேறினவங்க தானா எறங்கி நான் பாத்ததில்ல."

அவ்வேளையில்தான் பேரவைக்கு ஒரு பேரிடர் நேர்ந்தது. அன்றைய தலையாய அமர்வு 'மக்களும் அதிகாரமும் நேருக்கு நேர்'. அதிகாரம் தயாராக இருந்தது. முந்தைய இரவே வந்து தங்கி, பாலும் பழமும் அருந்தி, சால்வையின் மடிப்புக்கூடக் கலையாமல் காத்திருந்தது. மக்கள்தான் வரவில்லை. மக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் செயலாளரின் மைத்துனர். அவர் விமானத்தில் வருவதாக ஏற்பாடு. விமானம் தாமதம்.

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்த செயலாளர், தையற்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பேரவையின் வரலாற்றில் மக்களை ஒருவர் அவ்வளவு உற்றுப் பார்த்தது அதுவே முதன்முறை.

"உங்களுக்குப் பேசாம உக்காரத் தெரியுமா?"

"நாள் முழுக்க உக்காந்துதானேங்க தைக்கறேன்."

"போதும். அந்த ஒரு தகுதிதான் வேணும்." சொல்லிக்கொண்டே தையற்காரரின் மார்பில் ஓர் அட்டையைக் குத்தினார். 'மக்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

"மேடையில உக்காந்தா புத்தகம் குடுப்பீங்களா?"

"நேரா தலைவர்கிட்டயே கேட்டுக்குங்க. அதுக்குத்தானே இந்த அமர்வே! ஆனா மொதல்ல நாங்க குடுத்த கேள்விய கேட்டுடணும். 'இத்தனை பணிச்சுமைக்கு நடுவே கவிதை எழுத உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது?' இதான் மக்களோட கேள்வி."

"எனக்கு அதுல சந்தேகமே இல்லீங்களே."

"மக்களுக்கு இருக்கு. நாங்க கேட்டு முடிவு பண்ணிட்டோம்."

அரங்கம் நிரம்பி வழிந்தது. நகராட்சி ஊழியர் அத்தனை பேரும் 'ஆர்வலர்' என்ற அட்டையோடு வரிசை வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அந்த ஆர்வம் சுற்றறிக்கை மூலம் ஏற்பட்டது. வருகைப் பதிவு வாயிலில் எடுக்கப்பட்டதால், உள்ளே வந்தபின் சிலர் கண்மூடி இலக்கியத்தில் ஆழ்ந்தார்கள். ஆழ்ந்தவர்களில் இருவர் குறட்டை விட்டார்கள்.

மேடையின் நடுவே வெல்வெட் நாற்காலியில் விழாத் தலைவர். உயர் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை கையெழுத்திட்டார். ஓய்வுக்குப் பின் கவிதை எழுதுகிறார். முன்னதையும் எவரும் மறுத்ததில்லை, பின்னதையும் எவரும் மறுக்கவில்லை. அவருக்கு வலப்புறம் ஒரு சிந்தனையாளர். ஓரத்தில், ஒலிபெருக்கிப் பெட்டியின் மறைவில், பிளாஸ்டிக் நாற்காலியில் மக்கள்.

அமர்வின் விதியைச் செயலாளர் அறிவித்தார்: மக்கள் கேட்பார்கள், அதிகாரம் விடையளிக்கும். எனினும் நேரத்தின் அருமை கருதி, விடைகள் முதலில் வழங்கப்படும். கேள்விகளைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

சிந்தனையாளர் எழுந்தார். "அதிகாரம் என்பது எங்கும் பரவியிருக்கிறது. உங்களிடம் இருக்கிறது; என்னிடம் இருக்கிறது; இந்தத் தண்ணீர்க் குவளையிலும் இருக்கிறது! எங்கும் இருப்பதால், குறிப்பிட்ட எவரிடமும் சென்று எதையும் கேட்பதில் பொருளில்லை!" என்றார். விழாத் தலைவர் முதல் ஆளாகக் கை தட்டினார். தம் வாழ்நாள் கொள்கைக்கு இவ்வளவு ஆழ்ந்த தத்துவம் இருந்ததை அவர் அறிந்திருக்கவில்லை.

பிறகு தலைவர் எழுந்தார். கையில் கட்டுத் தாள்கள்.

"தோழர்களே! மக்களே என் உயிர்! மக்களே என் மூச்சு! நான் பதவியில் இருந்த காலமெல்லாம் என் அறைக் கதவு மக்களுக்காகத் திறந்தே கிடந்தது. ஆகவேதான் நான் வேறு அறையில் அமர்ந்திருந்தேன்!"

கைதட்டல்.

"அதிகாரத்தை எதிர்த்து எழுதுங்கள்! அஞ்சாதீர்கள்! எழுதியதை முன்கூட்டியே பேரவைக்கு அனுப்புங்கள். நன்றாக எதிர்த்திருக்கிறீர்களா என்று நாங்கள் பார்த்துத் திருத்தித் தருவோம்!"

மீண்டும் கைதட்டல்.

"மக்கள் பேச வேண்டும்! மக்கள் பேசுவதை அதிகாரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்! இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் யாரோ பேசுகிறார்கள். தயவுசெய்து அமைதி!"

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தையற்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மருமகள் வேலை முடித்து வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாள்கள் குறைவதாகத் தெரியவில்லை. அவர் எழுந்து நின்றார். மக்கள் எழுந்து நிற்பது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால், அவரை உட்காரச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

"மக்கள் எழுந்துவிட்டார்கள்!" என்று மகிழ்ந்தார் தலைவர். "பேசட்டும்! சுருக்கமாக!"

ஒலிவாங்கி கைக்கு வந்தது. செயலாளர் கீழிருந்து, "கவிதை, கவிதை" என்று வாயசைத்தார்.

"ஐயா, வாசல்ல ஒரு வளைவு இருக்குதுங்களே. அதுக்கு அடியில ஒரு பச்சப் புத்தகம் இருக்கு. எம்மருமகளுக்கு நாளைக்குக் காலையில நர்ஸ் பரீட்ச. அந்த ஒரு புத்தகத்த மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா நான் போயிடுவேன்."

அரங்கம் கண் விழித்தது. தலைவர் இரு கைகளையும் விரித்தார்.

"அருமை! அருமை! இதுவன்றோ மக்கள் குரல்! இந்தக் குரலைக் கேட்கத்தான் பேரவை இவ்வளவு பாடுபட்டது. கேட்டுவிட்டோம்! அமர்வு வெற்றி!"

"அப்ப எடுத்துக்கலாங்களா?"

"அது வேறு. கேட்பது எங்கள் கடமை. கொடுப்பது எங்கள் நிகழ்ச்சியில் இல்லை. ஒருவருக்காக ஒரு நூலை உருவினால் வளைவு சரியும். வளைவு சரிந்தால் பேரவையின் மானம் சரியும். மேலும், விழா முடிந்ததும் இந்த வளைவு அப்படியே அடுத்த நகரத்து விழாவுக்குப் போகிறது. அதன்பின் தலைநகருக்கு. அறிவு ஓரிடத்தில் தேங்கலாமா?"

"திரும்பி வராதுங்களா?"

"வரும், வரும். மக்கள் பொறுமையாக இருக்க வேண்டும்."

"பரீட்ச நாளைக்குங்களே."

"தேர்வுகள் வரும், போகும். வளைவு நிற்கும்!"

இதுவரை வாயிலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நூலகர் அம்மையார், முக்காலியை விட்டு எழுந்தார். அடுத்த ஊர், தலைநகர் என்ற சொற்கள் அவர் காதுக்கு அன்றுதான் வந்தன. புத்தகத்தைப் பிறர் அடுக்கிவைத்தால் பொறுத்துக்கொள்வார். தம்மைக் கேட்காமல் ஊர் கடத்தினால் பொறுப்பாரா?

"அண்ணே!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அது இன்னும் லைப்ரரி புத்தகம்தான்! உறுப்பினர் அட்ட வச்சிருக்கற யாரு வேணா எடுத்துட்டுப் போலாம். எங்க அடுக்கி வச்சிருந்தா என்ன? முத்திரை எங்கிட்டதான் இருக்கு!"

"அடிய உருவினா சரிஞ்சிடுங்கறாங்களேம்மா?"

"அப்ப மேலேருந்து எடுக்கச் சொல்லுங்க!"

தையற்காரர் ஒரு கணம் யோசித்தார். ஒலிவாங்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. திரும்ப வாங்க வேண்டிய தொண்டர் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

"இங்க யாராவது லைப்ரரி அட்ட வச்சிருக்கீங்களா? மேல இருக்கற புத்தகத்த ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டா, அடியில இருக்கறது எனக்கு வந்துடும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நடுவரிசையில் குடிநீர் வரிப் பிரிவு எழுத்தர் எழுந்தார். "எம்பொண்ணு கதப் புத்தகம் கேட்டு ஒரு மாசமா உசுர எடுக்கறா" என்றார் பொதுவாக. பக்கத்திலிருந்த பெண் ஊழியர், "எனக்குத் தோட்டம் போடறதப் பத்தின புத்தகம் வேணும். அந்தப் பக்கத் தூணுல பாத்தேன், காலையிலேருந்து கை அரிக்குது" என்றார். இருவர் நால்வரானார்கள், நால்வர் ஒரு வரிசையானார்கள், வரிசை ஓர் அரங்கமானது. சுற்றறிக்கை இல்லாமலே அவர்கள் எழுந்து நடந்தார்கள்.

மேடையிலிருந்து அதைக் கண்ட தலைவரின் கண்கள் பனித்தன. "எழுந்துவிட்டார்கள்! என் சொல் அவர்களை எழுப்பிவிட்டது!" என்று முழங்கி, விட்ட இடத்திலிருந்து உரையைத் தொடர்ந்தார்.

வாயிலில் நகராட்சி மின்பணியாளர் ஒருவர் ஏணி போட்டார். உச்சியில் வீற்றிருந்த கவிதைத் தொகுப்புகள் முதலில் இறங்கின. அவற்றை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வழி விட்டாக வேண்டுமே என்று நூலகர் அம்மையார் ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். "இத எடுத்தாத்தான் அதக் குடுப்பேன். படிக்கணும்னு கட்டாயமில்ல. பத்திரமா வச்சிருந்து குடுத்தாப் போதும்."

சிந்தனையாளரும் மெல்ல மேடையிறங்கி வரிசையில் வந்து நின்றார். தாம் எழுதிய நூலையே கேட்டு வாங்கினார். அதன் கடைசித் தாளில் முதல் முத்திரை விழுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரம் எங்கும் இருப்பதை மறந்து, "நன்றிம்மா" என்றார்.

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா இது! வளைவு கரையுது!"

"புத்தகம் போகுது சார். அதுக்குத்தானே வாங்கினோம்."

"அடுத்த ஊர்க்காரங்களுக்கு என்ன பதில் சொல்வேன்?"

"அங்கயும் ஒரு லைப்ரரி இருக்கும். அதத் தெறந்து வைக்கச் சொல்லுங்க."

செயலாளர் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. நிறுத்த முடியாததை நடத்திவிடுவதே நிர்வாகம் என்று அவர் அறிவார். ஆகவே ஒலிவாங்கியைத் தேடிப் பிடித்து அறிவித்தார்: "இப்போது வாயிலில், பேரவை நெடுநாள் திட்டமிட்ட 'கலைதலின் கலை' என்னும் நிகழ்த்துகலை நடைபெறுகிறது!" வளைவைக் கட்டியதற்குக் கிடைக்காத புகழ், வளைவைக் கலைத்ததற்கு அவருக்கு அடுத்த நாளே கிடைத்தது என்பதைக் கதையின் ஓட்டம் கருதி இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

பலகை இறங்கிற்று. வலத்தூண் கரைந்தது, இடத்தூண் இடுப்பளவாயிற்று, முழங்காலளவாயிற்று. தையற்காரர் குனிந்து, கடைசியாகக் கிடந்தவற்றுள் பச்சை அட்டையை எடுத்துத் தோள் துண்டால் துடைத்தபோது, வாயிலில் சீருடையோடு வந்து நின்றாள் மருமகள். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"கெடச்சுதா மாமா?"

"இந்தா. கொஞ்சம் கனமா இருக்கு, பாத்துப் புடி."

அவள் அதை இரு கையாலும் வாங்கினாள். விட்ட பக்கத்தைத் தேடிப் பிடித்தபின்தான் மூச்சு விட்டாள்.

"வாம்மா, பஸ்ஸப் புடிப்போம்."

"வேணாம் மாமா. பஸ்ல தொங்கற நேரத்துக்கு ஒரு பாடம் முடிச்சிடலாம். வீட்டுக்குப் போனா உங்க பேரன் விடமாட்டான். இங்கயே எங்கயாவது உக்காந்துக்கறேன்."

சுற்றிலும் பார்த்தாள். நூலகத்தில் பூட்டு. அரங்கத்தில் ஒளி நன்றாக இருந்தது, மின்விசிறிகள் சுழன்றன, நாற்காலிகள் அத்தனையும் காலி. நேரே உள்ளே போய், 'மிக மிக முக்கிய விருந்தினர்' என்று அட்டை வைத்திருந்த முதல் வரிசை மெத்தை நாற்காலியில் காலை மடக்கி அமர்ந்து, புத்தகத்தை மடியில் விரித்தாள்.

தலைவர் பேசிக்கொண்டிருந்தார். ஆளில்லாத அரங்கில் ஓர் ஆள் வந்து அமர்ந்ததையும், அந்த ஆள் தலை குனிந்து ஆழ்ந்த சிந்தனையில் இருப்பதையும் கண்டு அவர் உள்ளம் பூரித்தது. "அதிகாரத்தின் செவிகள் எங்கே? எங்கே அந்தச் செவிகள்?" என்று அவளை நோக்கியே கேட்டார்.

அவள் கையை உயர்த்தினாள்.

தம் வாழ்நாளில் முதன்முறையாக, யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு கேள்வி வரப்போகிறது என்று தலைவர் சிலிர்த்துப்போனார். "கேளம்மா! தயங்காமல் கேள்!"

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்குப் பரீட்ச. கொஞ்சம் சத்தம் இல்லாமப் பேசிக்கறீங்களா?"

தலைவர் அவளைப் பார்த்தார். மடியில் விரிந்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். யாரையாவது கலந்து முடிவு செய்யலாம் என்று இருபுறமும் பார்த்தார். மேடையில் யாரும் இல்லை. தொண்டையைச் செருமப் போனவர், செருமாமல் விட்டார். ஒலிவாங்கியைத் தாமே அணைத்தார்.

எஞ்சியிருந்த தாள்கள் அத்தனையையும் உதடு மட்டும் அசைய அவர் வாசித்து முடித்தார். கீழே அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மேலே அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். விழா முழுவதிலும் மிகச் சிறந்த உரை அதுதான் என்று, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நூலகர் அம்மையார் இன்றுவரை சொல்லி வருகிறார்.